கீழ்வீட்டுக்காரி ஒட்டி வைத்த பக்கம்

எங்கள் கீழ்வீட்டுப் பெண்மணி என்னைப் பற்றிக் குழந்தைகள் நலக் காரியாலயத்துக்கு அறிக்கை எழுதுகிறார் என்றும், அதை ஒரு சிறுவர் படக்கதைப் புத்தகத்துக்குள் ஒட்டி ஒளித்து வைத்திருக்கிறார் என்றும் ஓர் ஈஸ்டர் விடுமுறை முழுவதும் நான் நம்பியிருந்தேன். சிரிக்கலாம், தடையில்லை. யாழ்ப்பாணத்து ஊரில் குண்டு போட விமானம் சுற்றும்போதுகூடப் பதுங்குகுழிக்குள் இருந்து பகிடி விட்டவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த வீரன்தான் ஒஸ்லோவில், ஆறு வயதுப் பிள்ளையின் புத்தகத்துக்கு முன்னால் உள்ளங்கை வியர்க்க நின்றான்.

அப்போது நாங்கள் நகரின் ரொம்மன் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். கீழ்வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர். தனியாக இருந்தார். பல்கனியில் நின்று சிகரெட் புகைத்தபடி, கீழே போகிற வருகிற எல்லோரும் தன் ட்ராமுக்குப் பிந்தி வந்தவர்கள் என்பதுபோலப் பார்ப்பார். இந்த நாட்டில் ஒருவர் வீட்டு மணியை இன்னொருவர் சும்மா அடிப்பதில்லை. வருவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நாள் குறிக்க வேண்டும். ஆகவே மூன்று வருடமாக எங்கள் உறவு படிக்கட்டில் ஒரு 'ஹை'யோடு நின்றிருந்தது. அதை உடைத்தது நான் வறுத்த செத்தல் மிளகாய். மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புகை அறிவிப்பான் கட்டடம் அதிரக் கத்தியது. கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்தார். ஏசப் போகிறார் என்று நான் மன்னிப்புக்குச் சொல் தேட, அவர் இருமிக்கொண்டிருந்த மகளின் கையைப் பிடித்து, "புகை போனதும் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மகள் கீழே போனாள். கீழ்வீட்டுக்காரி சுட்டுக் கொடுத்த வாஃபல் என்ற இனிப்பு அப்பம் தின்றாள். அவர் மடியில் ஏறியிருந்து, அவர் சின்ன வயதில் வைத்திருந்த பழைய புத்தகங்களை வாசிக்கக் கேட்டாள்.

அவற்றில் ஒன்றுதான் மகளுக்கு உயிர். தங்க முடிக்காரச் சிறுவன் ஒருவன் கப்பலில் ஏறி நாடு நாடாகப் போகும் கதை. துணி கட்டிய முதுகு, மூலை மடிந்த பக்கங்கள், உள்ளே பழைய அலுமாரியின் மணம். ஒருமுறை அது தரையில் விழுந்து மகளின் காலில் பட்டிருக்கிறது. நான் பழக்கியிருந்தபடி அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். கீழ்வீட்டுக்காரி அதைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டார். புத்தகம் எங்களுக்குச் சாமி மாதிரி என்று, வேதத்தையே கரைத்துக் குடித்தவன்போலச் சொன்னேன். அடுத்த ஞாயிறு புத்தகத்தை எடுக்குமுன் அவரும் கண்ணில் ஒற்றினாராம். மகள் வந்து சொல்லிச் சிரித்தாள்.

அந்த ஆண்டுகளில் நோர்வேயில் பழைய சிறுவர் நூல்களைப் பற்றி ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அவற்றில் உள்ள சில சொற்களை இக்காலத்துக்கு ஏற்ப மாற்றலாமா, கூடாதா என்று தொலைக்காட்சியில் கதைப்பார்கள். நான் அதைப் பார்த்தபடி வடை தின்பேன். கட்டடத்தின் சலவை அறையில் ஒருநாள் கீழ்வீட்டுக்காரி இதைப் பற்றி முழங்கினார்: "பழையது பழையதுதான். பழைய புத்தகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது." நான் ஈரக் காற்சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஈஸ்டர் வந்தது. நோர்வேக்காரர் எல்லோரையும்போல அவரும் பனி தேடி மலைக் குடிசைக்குப் புறப்பட்டார். மகளின் முகத்தைப் பார்த்துக் கப்பல் புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மகள் எனக்கு அதைப் படம் பார்த்து மனப்பாடமாக வாசித்துக் காட்டும்போது, நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனாள்.

"அது வாசிக்கிறேல்லை அப்பா. அன்ரி பேப்பர் வைச்சு ஒட்டிப்போட்டா. எனக்கில்லையாம்."

உண்மைதான். அந்தப் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாள், நாலு ஓரமும் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தேன். தாளின் உட்பக்கம் கையெழுத்து. இடவலம் மாறி ஒரு இரண்டு, ஒரு நாலு, சில சொற்கள். பழைய புத்தகத்தில் கை வைக்கக் கூடாது என்று முழங்கிய மனுஷி, தன் புத்தகத்திலேயே தாள் ஒட்டுவாரா? அப்படியென்றால் உள்ளே இருப்பது கதை அல்ல. எல்லிங்ஸ்ருட்டில் இருந்த மைத்துனனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பயத்துக்குப் பெற்றோல் ஊற்றுவதற்கு அவனைவிடச் சிறந்த ஆள் ஒஸ்லோவில் இல்லை.

"அந்த மனிசி பிள்ளையட்டை என்னவும் விசாரிக்கிறவளோ?"

"கேக்கிறவா. என்ன சாப்பிட்டனி, எத்தினை மணிக்குப் படுத்தனி எண்டு."

"முடிஞ்சுது. நீ சத்தம் போட்டுக் கதைக்கிறனி வேறை."

"யாழ்ப்பாணத்துக்கு எடுத்தால் மெதுவாக் கதைக்க ஏலுமோடா?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும் மச்சான். கீழை இருக்கிறவளுக்கு, நீ பிள்ளைக்கு அடிக்கிறாய் எண்டெல்லோ கேக்கும்!"

குழந்தைகள் நலக் காரியாலயத்தார் வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அந்நாட்களில் எங்கள் ஆட்களின் வீடுகளில் சொந்தக்காரரைப்போலக் குடியிருந்தது. யாரோ ஒருவரின் பிள்ளையை எடுத்துவிட்டார்களாம் என்று குறொன்லாண்ட் பகுதியின் கடைகளில் முருங்கைக்காயோடு சேர்த்துச் செய்தியும் வாங்கி வருவோம். அந்த இரண்டும் நாலும் எனக்குக் கணக்காகத் தெரிந்தன: இரண்டு தரம் கத்தினான், நாலு தரம் புகை எழுப்பினான். யாரையாவது கேட்கலாமென்றால் ஈஸ்டருக்கு எல்லாக் காரியாலயமும் பூட்டு. மகளுக்கு அன்று முதல் மூன்று வேளையும் பால், பழம், மெல்லிய குரல். அவள் தனக்கு ஏதோ பெரிய நோய் என்று நினைத்துத் தாயிடம் போய்க் கேட்டாள்.

"விசரே உங்களுக்கு?" என்றாள் மனைவி. "கிழமை முடிய மனிசி வந்திடுவா. என்னெண்டு கேட்டால் சொல்லுறா."

"கேட்டால் உசாராகியிடுவாள்."

"உசார் வேணும்தான். அவவுக்கில்லை."

அவள் வேலைக்குப் போன ஒரு மத்தியானம், குசினியில் கேத்திலைக் கொதிக்க வைத்தேன். காலில் பட்டால் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று போதித்த அதே கையால், புத்தகத்தை விரித்து ஆவிக்கு மேலே பிடித்தேன். விரல் சுட்டது. நகத்தை உள்ளே விட்டுக் கிளப்பினேன். தாள் மூலையில் கிழிந்து வந்தது. திருப்பிப் பார்த்தேன். இரண்டு முட்டை, நாலு டெசிலீற்றர் மா, ஏலக்காய். வாஃபல் செய்முறை.

ஒருகணம் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கீழே இருந்த பக்கத்தைப் பார்த்தேன்.

கரிய மனிதர் ஐந்தாறு பேர் ஒரு பானையைச் சுற்றிக் குதிக்கிறார்கள். முகத்தில் பாதி உதடு. மூக்கில் எலும்பு. இடுப்பில் புல்லு. தங்க முடிச் சிறுவன் கைகொட்டிச் சிரிக்கிறான். படத்துக்குக் கீழே ஒரு வரி. அதில் இருந்த சொல்லை இங்கே எழுத மாட்டேன்.

"இது ஆர் அப்பா?"

மகள் என் முழங்கைக்குக் கீழே நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஆரோ, என்றேன். அவள் தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ரை நிறம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அன்ரி ஏன் எங்களை ஒட்டி மறைச்சவா?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவன் நான். செத்த வீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைத்தவன். அன்று என் வாயில் வந்தது: "தோசை சாப்பிடுறியோ?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மலை வெயிலில் சிவந்த முகத்தோடு கீழ்வீட்டுக்காரி திரும்பி வந்தார். புத்தகத்தையும் கழன்ற தாளையும் கொண்டு நானும் மகளும் இறங்கிப் போனோம். நான் வாயைத் திறக்குமுன், மகள் அதே கேள்வியைத் தெளிவான நோர்வேஜிய மொழியில் அவரிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்தார்.

"உன்னை மறைக்கவில்லை. இது நீ இல்லை. இந்தப் படத்தைக் கீறியவன் உன்னைக் கண்டதே இல்லை."

பிறகு நிமிர்ந்து என்னிடம் சொன்னார். அவருடைய தகப்பன் இந்தப் பக்கம் வந்ததும் குரலை மாற்றி, குதித்துக் குதித்து வாசிப்பாராம். பிள்ளைகள் எல்லோரும் உருண்டு சிரிப்பார்களாம். "நானும் சிரித்தேன்" என்றார். "சலவை அறையில் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் வாசிக்கும்போது இவள் என் மடியில் இருந்தாளே."

தாளை விரலால் நீவிக்கொண்டே, இது எப்படிக் கழன்றது என்று கேட்டார். ஏசுவதற்காக அல்ல, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். பயந்தேன், உங்களைச் சந்தேகித்தேன் என்று சொல்ல அது நல்ல நேரம். வசனமும் தயாராக இருந்தது. படிக்கட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இறங்கியிருந்தேன்.

"தானாகக் கழன்றது" என்றேன். "குசினியில் ஈரம் அதிகம்."

அவர் முகம் வாடிவிட்டது. மலிவான பசையை வாங்கியது தன் பிழை என்றார். என் பிள்ளை அந்தப் படத்தைக் காண வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்தார். பரவாயில்லை என்று நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன். பக்கத்தில் நின்ற மகள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகும் ஞாயிறுகளில் அவள் கீழே போனாள். மடியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தனக்கு இப்போது வாசிக்கத் தெரியும் என்றாளாம். சில வருடங்களில் கீழ்வீட்டுக்காரி வடக்கே மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது புத்தகப் பெட்டியை மகளுக்குக் கொடுத்தார். கப்பல் புத்தகம் அதில் இல்லை. மகளுக்கு இப்போது பதினைந்து வயது. நான் சபையில் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கும்போது, சில வேளை அந்தப் பார்வையை மறுபடி பார்க்கிறேன்.

அவருக்கு நான் உண்மையை எழுதவில்லை. முகவரி இருந்தது, எழுதவில்லை. அந்தப் பசையில் ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு ஆவி பிடித்தும் அது விடவில்லை; நான்தான் நகத்தால் கிளப்பினேன்.