மதகுவரை சேர்ந்து போனோம்

ஓய்வு பெறும்வரை உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக் கந்தோருக்குச் சைக்கிளில்தான் போனேன். மோட்டார் சைக்கிள் வாங்க வசதியிருந்தது. வாங்காததற்குக் காரணம் கூட வந்த மனிதர். அவர் மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறியவர். நான் தலைமை இலிகிதராக இருந்த கந்தோரில் சிற்றூழியர்.

வாடைக்காற்று எதிரே வீசும் மாதங்களில் மாறி மாறி ஒருவர் முன்னால் மிதித்து மற்றவருக்குக் காற்றை மறைப்போம்.

“நான் முன்னுக்குப் போறேன், நீங்க பின்னால ஒதுங்கி வாங்க ஐயா.”

“வேலிக் கதியால் தடி மாதிரி இருக்கிறீர், நீர் எந்தக் காத்தை மறைக்கப் போறீர்?”

“கதியாலாச்சும் நிக்கும் ஐயா, நீங்க சாயுறீங்களே!”

வாய்க்கால் கரை நெடுகச் சிரித்துக்கொண்டே போவோம். அப்படி நான் வேறு எவரோடும் கதைத்ததில்லை.

ஆனால் ஒருநாள், பட்டணத்துக்குச் சற்று முன்னுள்ள மதகடியில், “நீர் கொஞ்சம் பிந்தி வாரும்” என்று அவரிடம் சொன்னேன். சிற்றூழியரோடு சேர்ந்து வருவதைக் கந்தோரில் உள்ளவர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டேன். அன்றிலிருந்து அவர் தானாகவே மதகடியில் இறங்கி நிற்பார். நான் கண்ணுக்கு மறைந்த பிறகே வருவார். எத்தனையோ வருடங்கள் அப்படித்தான் நடந்தது.

என் கடைசி வேலைநாளில், “இண்டைக்குக் கந்தோர் வாசல்வரைக்கும் சேர்ந்தே போவம்” என்றேன். அவர் வழக்கம்போல இறங்கிவிட்டார்.

“பழகிப்போச்சு ஐயா. நீங்க போங்க, மாலையோட காத்துக்கிட்டிருப்பாங்க.”

நானும் இறங்கி அவரோடு நின்றிருக்கலாம். மாலையை நினைத்து மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.