தையலம்மாள் சொல்லாத பேர்

தையலம்மாள் அக்காவை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து வில்லியனூர் கடைத்தெரு வழியே நான் மிதித்த அன்றைக்குச் சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்பிள்ளை, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், தலையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "மிதிடா சம்மந்தம், மிதிடா! தந்தி ஆபீசைப் பூட்டிடப் போறான்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். இதை எழுது என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கே பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

எனக்கு வில்லியனூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுநாளே நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் மேரியில், அதாவது நகரசபை மாதிரியான கொம்யூன் ஆபீசில், பிரெஞ்சு டைப் அடித்துக்கொண்டிருந்தவன். அங்கே கழித்துப்போட்ட மிஷின் ஒன்றை வாங்கிவந்து கடை போட்டேன். பிரெஞ்சு மிஷினில் 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'க்யூ' உட்கார்ந்திருக்கும். பழகாதவன் மெட்ராஸ் என்று அடித்தால் எந்த தேசத்திலும் இல்லாத ஊர் ஒன்று வந்து நிற்கும். எத்தனை பேர் தலையில் குட்டியிருப்பேன், கணக்கே இல்லை.

எழுதியதை டைப் அடித்துக்கொள்ள அந்தக் கடையைத் தேடிக்கொண்டுதான் பலராமன் வந்தார். மெட்ராசில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் பாதை போட்டானே, அதில் மாண்டுபோன தமிழ்க் கூலிகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார். தப்பித்து ஊர் திரும்பியவர்களை நம் பக்கமெல்லாம் தேடி விசாரிக்கிறார். எழுதி முடித்ததும் வெளிநாட்டுச் சரித்திரப் பத்திரிகை ஒன்றில் வரப்போகிறதாம். "அந்தப் பாதையில செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கல்லறை இருக்கு, கல்லுல பேர் இருக்கு. நம்ம ஆளுக்கு எங்க பார்த்தாலும் 'கூலிகள்'னு ஒரே வார்த்தை" என்றார். "சார், எங்க ஊரு உறுவையாத்துலயே ஒரு ஆள் இருக்குது" என்று சைக்கிளை எடுத்தேன்.

தையலம்மாள் தெருவில் எனக்கு அக்கா முறை. சின்ன வயதில் சித்தப்பன் குடும்பத்தோடு மலாயா போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். தோட்டத்திலேயே ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாச வேலை, வயிறாரச் சோறு என்று சொல்லி ஜப்பான்காரன் ஆண்களை வண்டியில் ஏற்றியபோது, நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று இவளும் ஏறிவிட்டாள். பிடிவாதம் அப்போதே உண்டு. யுத்தம் முடிந்து தனியாகத்தான் திரும்பி வந்தாள். இத்தனை வருஷமாகக் கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். பக்கத்து வீட்டுக் காசம்மாள் ஒருநாள் கிணற்றடியில், "உம் புருஷன் வருவானாடி இன்னும்?" என்று கேட்டதற்கு, "உம் புருஷன் கள்ளுக்கடையில இருந்து வரானா பாரு மொதல்ல" என்றாளாம். அதற்குப்பிறகு யாரும் கேட்பதில்லை.

பலராமனிடம் அக்கா சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மூங்கில் கொட்டகை, ஓயாத மழை, காலில் புண், பேதி. கூட மண் சுமந்த பக்கிரி விழுந்தது, அவன் பெண்டாட்டி விழுந்தது, பால் குடிக்கிற குழந்தை தாயின் மார்பில் கிடந்தபடியே அடங்கியது. பண்ருட்டிச் செல்லப்பனை நடக்க முடியவில்லை என்று அடித்தே போட்டார்களாம். ஒவ்வொரு பேராகச் சொன்னாள், குரல் நடுங்கவில்லை. பலராமன்தான் எழுதுவதை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தார். "இவ்வளவு பேர் செத்தாங்களா?" என்று அவர் முனகியதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செத்தாங்கன்னு எழுதாத வாத்தியாரே. கெழவன் கெழவி சாவறதுதான் சாவு. சாவடிச்சாங்கன்னு எழுது."

அவர் அப்படியே எழுதினார். நானும் இங்கிலீஷில் அந்த வார்த்தையை ஓங்கி ஓங்கி அடித்தேன். காகிதமே ஓட்டையாகிவிட்டது.

கடைசியாகப் புருஷன் கதைக்கு வந்தாள். பேதி கண்டு படுத்தவரை இரண்டு பேர் மூங்கில் தட்டியில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். மறுநாள் காலையிலேயே இவள் கும்பலை மேலே வேறு இடத்துக்கு ஓட்டிவிட்டார்கள். அந்தக் கொட்டகைக்குப் போன ஒருத்தரும் திரும்பவில்லை. ஆனால் இவள் கண்ணால் பார்க்கவில்லை.

"அவர் பேர் என்னம்மா?"

"எங்க வூட்டுக்காரரு."

"சரிம்மா, பேரு?"

"அதான் சொல்றேனே, எங்க வூட்டுக்காரரு!"

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் பெண்டுகளின் சட்டம். பலராமனும் நம் பக்கத்துச் சோறு தின்றவர்தானே, வற்புறுத்தவில்லை. கட்டுரையின் கடைசியில் இருந்த பேர் வரிசையில், எல்லோருக்கும் கீழே, 'தையலம்மாளின் கணவர்' என்று என்னை அடிக்கச் சொன்னார். அக்காவுக்கு ஏகப் பெருமை. எங்க வூட்டுக்காரரு பொஸ்தகத்துல வராரு என்று ஏம்பலத்துச் சந்தை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

கட்டுரை கடல் தாண்டிப் போய் மாசக்கணக்கில் கிடந்தது. அந்தப் பத்திரிகையில் வருகிற கட்டுரைகளைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் உண்டாம். அவர்கள் யார் என்று எழுதினவருக்குச் சொல்லவே மாட்டார்களாம். இதை நான் அக்காவுக்கு விளக்கியபோது, "பேரு சொல்லாத ஆளுங்களா? அவங்க இன்னா, பொம்பளைங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பேர் சொல்லாதவர்கள்தான் எங்களைக் கலக்கிவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் பலராமனிடமிருந்து கடிதம். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! 'சாவடித்தார்கள்' என்ற வார்த்தையை மாற்றச் சொன்னார்களாம், இவர் சாட்சிகளைக் காட்டிச் சண்டை போட்டு நிலைநிறுத்திவிட்டார். நான் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டேன். அடுத்த வரியில் துள்ளல் நின்றது. கடைசி வரியில் இருப்பது பேர் இல்லையாம். கணவர் என்பது யாராகவும் இருக்கலாம், பேர் கொடு, இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்கிறார்கள். திருத்தம் மறுநாள் காலை ஆகாயத் தபாலில் போகிறது. இன்று சாயங்காலத்துக்குள் அவருக்குத் தந்தியில் பேர் வரவேண்டும்.

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்தேன். அக்கா கரும்புத் தோட்டத்தில் பெண்களோடு சோகை உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எடுத்துடுவானா? அந்தப் பாழாப்போன ரயிலு ரோட்டுல மண்ணு சொமந்தவரை, இல்லவே இல்லன்னு ஆக்கிடுவானா?"

"பேரைச் சொல்லுக்கா, ஆக்க மாட்டான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காசம்மாள்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீ சொல்லாதடி. ஜாடை காட்டு, நாங்க சொல்றோம்."

அவ்வளவுதான், தோட்டமே திருவிழா ஆகிவிட்டது. "நெத்திக்குக் கீழ இன்னா இருக்குது?" என்றாள் அக்கா. "மூக்கு!" "அதுக்கு மேல!" "புருவம்!" "ஐயோ, நடுவுலடி, பார்க்கறது!" "கண்ணு!" அக்கா தலையாட்டினாள். உடனே ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். கண்ணுசாமியா, கண்ணாயிரமா, கண்ணனா, கண்ணையனா, கண்ணப்பனா என்று ஒரே கூச்சல். நடுவே அக்கா தலையை ஆட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். புதுப் பெண்டாட்டிக்குக்கூட அந்த வெட்கம் வராது. பெண்கள் குலவையிட்டார்கள். என் காதில் கடைசியாக விழுந்தது கண்ணப்பன். அதைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

"இருடா, நானும் வரேன். ஒழுங்கா போவுதான்னு நான் பார்க்கணும்" என்று பின்னால் தொற்றிக்கொண்டாள். அப்புறம் நடந்ததுதான் நான் முதலில் சொன்ன ஊர்வலம்.

தந்தி குமாஸ்தா மணவாளன் ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனார். நான் கையை உள்ளே விட்டேன். முணுமுணுத்துக்கொண்டே தாளைக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன். அவர் சட்டப்படி வாய்விட்டுப் படித்தார். "கடைசி வரியில் சேர்க்கவேண்டிய பேர் கண்ணப்பன். சரிதானே?"

"இன்னா சொன்னே?" என்றாள் அக்கா.

"கண்ணப்பன்."

"அது இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. "நீதானேக்கா தலையாட்டினே!"

"அவ சொன்னதுக்கா ஆட்டினேன்? அதுக்கு முன்னால ஒருத்தி சொன்னாளே, அதுக்கு ஆட்டினேன்."

"எவ சொன்னா? இன்னா சொன்னா?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தக் கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. மணவாளன் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் ஆயிடுச்சு. கண்ணப்பன்னே போகட்டும்மா. ஒரு எழுத்து ரெண்டு எழுத்துதானே வித்தியாசம்? அந்த தேசத்துல யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா வெடித்தாள்.

"யாரோ பெத்த புள்ள கண்ணப்பனை எதுக்குய்யா நீ சாவடிக்கிறே? எங்க வூட்டுக்காரரு கண்ணையன்! கண்ணையன்யா அவரு பேரு! கண்ணையன்!"

தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் வழியாக வழிந்தது.

"நான் சொல்லாத வரைக்கும் அவரு எங்கியோ இருக்காருன்னு நெனச்சிகினு இருந்தேன் சம்மந்தம்" என்றாள் மெதுவாக. "அந்தக் கொட்டகைக்குப் போன அன்னிக்கே தெரியும்டா எனக்கு. தெரியாமலா இருந்தேன்?"

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதே சமயம், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், குதிக்கவேண்டும்போல இருந்தது. சொல்லிவிட்டாள்! பேர் கிடைத்துவிட்டது! மணவாளன் பழைய தாளைக் கிழித்துப்போட்டுப் புதுத் தாளை எடுத்தார். "இன்னொரு தடவை நிறுத்திச் சொல்லும்மா, பிழை வரக்கூடாது" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று, கண்... ணை... யன் என்று நிறுத்திச் சொன்னாள். அவர் எழுதினார்.

"யார் பேர்ல அனுப்பணும்?"

நான் என் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டாள்.

"கண்ணையன் பொண்டாட்டி தையலம்மாள்னு போடு."

மணவாளன் உட்கார்ந்து தந்திக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தார். டக்கு, டக்கு டக்கு என்று சத்தம். அக்கா ஜன்னல் கம்பிக்குள் காதை வைத்துக் கேட்டாள். புகைவண்டியும் கப்பலும் பார்த்தவள், தந்தி அடிப்பதைப் பார்த்ததில்லை.

"இதுல எதுப்பா அவரு?" என்று கேட்டாள்.

மணவாளன் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதோ, இப்பத்தாம்மா போறாரு" என்றார்.

அக்கா இரண்டு கையையும் கூப்பி, சத்தம் நிற்கிறவரைக்கும் அப்படியே நின்றாள்.