தீப்பெட்டிக்குள் இருபத்தாறு நூல்கள்

தம்பிமுத்து அப்போதிக்கரி இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது, அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு. அவர் கடைசிக் காலத்தில் இருந்த தம்பிலுவில் பக்கம் நாட்டுப் பிரச்சினையால் பாதை மூடிக் கிடக்கிறது, பஸ் ஓடுவதில்லை. மீன் கொண்டுவருகிற ஒருவரிடம் அப்போதிக்கரியின் மகள் கமலா ஒரு கடிதமும் தீப்பெட்டியும் கொடுத்தனுப்பியிருந்தாள். "அப்பா போயிற்றார் டீச்சர். அவர்ட மேசை லாச்சிக்குள்ள இது இருந்தது. மேல உங்கட மகள்ட பேர் எழுதியிருக்கு. இது என்ன நூல்?" வாசித்துவிட்டு அடுப்படியிலேயே குந்திவிட்டேன்.

கல்முனையில் அவர் கையால் மருந்து வாங்காத வீடுகள் குறைவு. டொக்டர் என்று யாராவது கூப்பிட்டால், "நான் அப்போதிக்கரி. டொக்டர்மார் கேட்டாக் கோவிப்பாங்க" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் என் மகள் பஸீலாவுக்கு ஒன்றரை வயது. வலது கை நடுவிரல் நுனியில், பக்கவாட்டில், பயறளவில் சிவந்த கட்டி ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். நான்கு மாதத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிதாக முளைத்தது. "மருதான் புள்ள, குதிரமயிரக் கட்டு, தானா விழுந்திரும்" என்றார் பக்கத்து வீட்டு ராத்தா. ஊரில் மருவுக்கு எல்லோரும் செய்வதுதான். குதிரைமயிருக்கு எங்கே போவது? தையல் நூலை இறுக்கிக் கட்டினேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எனக்குப் புத்தி எங்கே போனதோ! மூன்றாம் நாள் விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கிவிட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்போதிக்கரியிடம் ஓடினேன். நூலைக் கத்தரித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைட விரலா, முருங்கக் கொப்பா?" என்று கத்தினார். மற்ற நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன். இரண்டு கிழமை தானே மருந்து கட்டி அந்த விரலைக் காப்பாற்றினார்.

கட்டி மட்டும் போகவில்லை. இம்முறை விரலையே எடுத்தால்தான் நிம்மதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். என் கணவரும் சம்மதித்துவிட்டார். அப்போதிக்கரி மட்டும் பிடிவாதமாக நின்றார். "இது புத்துநோய் இல்ல. அபூர்வமா வாறது. சின்னப் பிள்ளைகள்ட கை கால் விரல்லதான் வரும், வெட்டினாத் திரும்பவும் வரும். சிலதுகள் தானாப் போறதும் உண்டு எண்டு கொழும்புல ஒரு பெரிய டொக்டர் எனக்குச் சொன்னவர். விரல் மடங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் வெட்டாமப் பொறுத்துப் பாப்பம்."

அதிலிருந்து மாதம் ஒருமுறை கட்டியோடு சேர்த்து விரலைச் சுற்றி நூலால் அளந்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுத் தீப்பெட்டிக்குள் வைப்பார். முதல் வருடம் நூல் நீண்டுகொண்டே போனது. "தையல்காரன் மாதிரி அளந்து அளந்து என்ன செய்யப் போறீங்க? என்ட புள்ளைக்குச் சட்டையா தைக்கிறீங்க?" என்று சண்டை பிடித்திருக்கிறேன். "கண் பொய் சொல்லும் டீச்சர், நூல் சொல்லாது" என்று மட்டும் சொல்வார். பயத்தில் நான் அவரைத் திட்டாத திட்டில்லை.

பிறகு நூல் குறையத் தொடங்கியது. இருபத்தாறாம் மாதம் கட்டி இருந்த இடத்தில் வெறும் விரல்தான் இருந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவர் கதிரையில் இருந்தபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ட கமலாக்கும் இதுதான் வந்தது. கால்ல, ரெண்டு விரல். புத்து எண்டு பயந்து, எடுங்க எண்டு கையெழுத்து வச்சது நான்தான். இஞ்ச பாருங்க, இது தானாப் போயிருக்கு." கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். "போத்தல் ஓடு குத்திப் பழுதாப் போனது எண்டு அவளுக்குச் சொல்லி வச்சிருக்கன். உண்மையச் சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குப் பிறகு அவள் கேட்டா, நீங்க சொல்லுங்க."

ஓம் என்றேன். மாதாமாதம் என் பிள்ளையின் விரலில் அவர் எதை அளந்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அவரை ஏசியதற்கு அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது கமலா கேட்டுவிட்டாள். நூல் எதற்கென்று கேட்டால், மற்றதையும் சொல்லத்தானே வேண்டும்? இரண்டு நாள் தயங்கி, எல்லாவற்றையும் எழுதி, அதே மீன்காரரிடம் கொடுத்தேன். இதை எழுதி ஊருக்குச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தேன்.

பதில் வந்தது. "எழுதுங்க டீச்சர். போத்தல் ஓடு இல்ல எண்டு எனக்குப் பத்து வயசிலயே தெரியும், அம்மா சொன்னவ. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அப்பா உடைஞ்சிருவார் எண்டு நான் கதைக்கல்ல. அவரும் கதைக்கல்ல. ஒரே வீட்டுக்குள்ள இவ்வளவு காலம் இருந்திட்டம்."

பாதை திறந்ததும் தீப்பெட்டியை அவளிடமே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். இருபத்தைந்து நூல்கள் அவளுக்கு. கடைசி நூலை நான் எடுத்துக்கொண்டேன். அதன் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் இருப்பது ஒரு சாதாரணக் குழந்தை விரலின் சுற்றளவு.