மாடு என்ன தின்றது?

மாட்டு வைத்தியத்தில் மருந்து அரைப்பது சுலபம். மாடு என்ன தின்றது என்பதை மாட்டுக்காரர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் தொழில். உங்களில் வக்கீல்களோ வாத்தியார்களோ இருந்தால் என் பாடு புரியும். வாடிய சோளப்பயிருக்குக் கருப்பட்டிக் கரைசல், அரளிக்குக் கடுக்காய்க் கஷாயம், இன்னதென்று தெரியாவிட்டால் அவுரி இலையும் மிளகும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. மாற்றிச் சொன்னால் மாடு போய்விடும். சமஸ்தான காலத்தில், யுத்தம் நடந்த வருஷங்களில், அன்னவாசல் பக்கம் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஈர வைக்கோல்

ஆடியில் விதைத்த சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நின்ற சமயம். வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம்; அதுதான் பொல்லாத பருவம். அடுத்த வீட்டுச் சின்னையா தன் பசுவை இழுத்துக்கொண்டு வந்தார். அது நுரை தள்ளி, கால் நடுங்க நின்றது. என்ன தின்றது என்று கேட்டேன். வைக்கோல் என்றார். வேறு? வைக்கோல்தான் என்றார். ஊரான் பயிரை மேய்ந்ததென்று தெரிந்தால் மாட்டைப் பவுண்டுப் பட்டியில் அடைத்து அபராதம் போடுவார்கள், இவர் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். பாவம், அவர் என்ன செய்வார்.

மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தேன். கடைவாய் இடுக்கெல்லாம் பச்சைச் சோளத் தோகை. ஒரு துணுக்கை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, கருப்பட்டியைக் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டினேன். மாடு மெல்ல நிதானத்துக்கு வந்தது. சின்னையா அந்தத் தோகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வைக்கோலு கொஞ்சம் ஈரமா இருந்துச்சுங்க."

வெறும் நார்

விராலிமலைக்குப் பாரம் ஏற்றிப் போய்த் திரும்பிய வண்டிக்காரர் ஒருவர், காளை படுத்துவிட்டதென்று வந்து கூப்பிட்டார். இவர் ஒளிக்கிற ஆளில்லை. தவிடு, பிண்ணாக்கு, வழியில் குடித்த குளத்துத் தண்ணீர் வரை ஒப்பித்தார். எதிலும் கோளாறு தெரியவில்லை. சரி, அவுரிதான் என்று அரைக்க உட்கார்ந்தபோது, நின்றுகொண்டிருந்த இன்னொரு காளையின் கழுத்தைப் பார்த்தேன். வெறும் வாழைநார் தொங்கியது. அதில் ஒன்றிரண்டு சிவந்த இதழ்கள். முருகனுக்குச் சாத்திய செவ்வரளி மாலையை வாங்கி வந்து அந்தக் காளைக்குப் போட்டிருக்கிறார். படுத்துக் கிடந்தது அதை இழுத்துத் தின்றிருக்கிறது.

கடுக்காய்க்கு மாறினேன். காளை எழுந்துவிட்டது, ஆனால் ஒரு வாரம் வண்டியில் பூட்ட முடியவில்லை. மாலையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சாமி கழுத்துல கெடந்ததுங்க. அதைப் போயி தீவனத்துல சேக்கலாமா?"

எங்கள் வீட்டு வைக்கோல்

சின்னையாவின் ஈர வைக்கோல் கதையை, யார் பயிர் என்பதை மட்டும் விட்டுவிட்டு, தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அதிகம் சிரித்தவள் என் மனைவி செல்லம். மறுபடி மழை ஏமாற்றிய ஒரு வருஷம், அவள் பொன்னமராவதியிலிருந்து சீராகக் கொண்டுவந்த மயிலைப் பசு தொழுவத்தில் சாய்ந்துவிட்டது. மூச்சு இரைத்தது, கண் செருகியது. கல்யாணத்தின்போது கன்றாக வந்த பசு. அவள் பிறந்த வீட்டு நினைப்புக்கு அது ஒன்றுதான் இருந்தது. என்ன தின்றது என்றேன்.

"வைக்கோல்தாங்க."

வாயைப் பிளந்தேன். கடைவாய் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. துடைத்துத்தான் வைத்திருந்தாள், என்னோடு குடித்தனம் செய்கிறவள் அல்லவா. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. அவுரியை அம்மியில் வைத்தேன். செல்லம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எங்கள் வேலிக்கு அந்தப்புறம் சின்னையாவின் சோளக்கொல்லை. அழுகை கேட்டு, வேலியைத் தாண்டிக்கொண்டு அவரே ஓடிவந்தார், கையில் கருப்பட்டியோடு. "அவுரிய அங்கிட்டு வைங்க வைத்தியரே. எங்க சோளத்தைத்தான் மேஞ்சிருக்கு. மொதல்ல இதைக் கரைங்க."

சாயங்காலம் பசு எழுந்து நின்றது. செல்லம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, மேய்ந்த பயிருக்கு என்ன செய்யட்டும் என்று சின்னையாவைக் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "விடுங்க. நம்ம தெருவுல எல்லா வீட்டு வைக்கோலும் கொஞ்சம் ஈரந்தாங்க."

அதற்குப் பிறகு மாடு என்ன தின்றது என்று மாட்டுக்காரரை நான் கேட்பதில்லை; யார் பயிர் குறைந்திருக்கிறது என்று பக்கத்துக் கொல்லையில் விசாரித்துவிட்டுத்தான் மருந்தில் கை வைக்கிறேன்.