வந்த ஆட்களுக்கு வைத்த தண்ணீர்

தொலைக்காட்சியில் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் என் முகத்தைப் பெட்டிக்குள் தேடினார்கள். "உம்மைக் காணேல்லையே?" என்று கேட்பார்கள். எங்கே காண்பது! நான் ஒலிப்பதிவுக்காரன். தோளில் கனக்கிற பதிவுக் கருவி, காதில் ஹெட்போன், கையில் நீண்ட கம்பில் கட்டிய மைக். என் நிழல் படத்துக்குள் விழுந்தாலே தயாரிப்பாளர் கத்துவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், படம் பிடிக்க நெடுந்தீவுக்குப் போனோம். அங்கே கிணறுகளில் முக்கால்வாசி உவர். குடிக்கக்கூடியவையும் வற்றிக்கொண்டிருந்தன. படம் கொழும்பில் அதிகாரிகளின் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீருக்கு ஒரு வழி பிறக்கும் என்று ஊரவர்களே எங்களை அழைத்திருந்தார்கள். "தீவார் பேச்சு உனக்குத்தானே விளங்கும்" என்று பக்கத்துத் தீவில், கரம்பொனில் பிறந்த என்னைத் தயாரிப்பாளர் பகிடி பண்ணினார். அவர் கொழும்பிலேயே வளர்ந்தவர்.

ஒரு வீட்டுக்கார அம்மாவைப் பேசவைப்பதாக ஏற்பாடு. படலையைத் திறந்தோம். கால் கழுவ வாளி நிறையத் தண்ணீர். குசினி வாசலில் குடங்கள், வாய் முட்ட நல்ல தண்ணீர். அயலட்டை எல்லாம் சேர்ந்து நிரப்பியிருக்கிறார்கள். தட்டுப்பாட்டைப் படம் பிடிக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் குறையக்கூடாதாம்! நானும் சும்மா இருக்கவில்லை, ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

கமெரா ஓடத் தொடங்கியது.

"தண்ணி இல்லாமல் கஷ்டப்படுறீங்கள், என்னம்மா?" என்றார் தயாரிப்பாளர்.

"சீச்சீ, கடவுள் புண்ணியத்திலை ஒரு குறையுமில்லை."

எப்படி மாற்றிக் கேட்டாலும் அதே பதில். "கூப்பிட்டதும் இவர்கள், குறையில்லை என்பதும் இவர்களா?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். எனக்கும் விசர்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களின் முகத்துக்கு நேரே தண்ணீர் இல்லை என்று எங்கள் பக்கத்தில் யார் சொல்வார்கள்? என் அம்மாவும் சொல்லியிருக்கமாட்டார்.

கமெராவை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. ஆள் பேசாத முற்றத்துச் சத்தத்தையும் கொஞ்சம் பதிந்துகொள்வது எங்கள் தொழில் வழக்கம். பிறகு வெட்டி ஒட்ட உதவும். அப்போது அந்த அம்மாவின் கணவர் மாடு பார்த்துவிட்டு வெயிலில் காய்ந்து வந்தார். குடத்து மூடி மெல்ல அசைந்தது. உடனே என் காதுக்குள் அந்த அம்மாவின் தாழ்ந்த குரல்:

"அதிலை தொடாதேங்கோ. வந்த ஆக்களுக்கு. அங்காலை உவர்த் தண்ணி கிடக்கு."

"ஓம், ஓம். மறந்துபோனன்."

நான் குடித்த அந்தச் செம்புத் தண்ணீரை நினைத்தேன். பெரிய வெட்கமாக இருந்தது.

தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினேன். துள்ளினார். "இதுதான்! இதையே போடுவோம்." அந்த அம்மாவைக் கேட்காமல் போட ஏலாது என்று நான் அடம்பிடித்தேன். அவரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் காதில் வைத்தேன். தன் குரலைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"தம்பி, உந்தக் குரலை அழிச்சுப்போடும். வந்த ஆக்களுக்குத் தண்ணியிலை கணக்குப் பார்த்தவள் எண்டு ஊர் சொல்லும்."

"அக்கா, தண்ணி வர வேணுமெண்டால் இல்லை எண்டு ஆராவது சொல்லத்தானே வேணும்?"

 அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "உம்மடை மைக்கைக் கொண்டு வாரும். நான் சொல்லமாட்டன். கிணறு சொல்லட்டும்."

வளவுக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு. அதுவரை எங்களை அந்தப் பக்கமே விடவில்லை. வாளியை இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தகரம் கல்லில் மோதிய சத்தம்தான் கேட்டது. இழுத்தபோது வாளியின் அடியில் கொஞ்சம் கலங்கல். தயாரிப்பாளர் கமெராவை அந்த வாளிக்குத் திருப்பச் சொன்னார். குசினிக் குரலை அந்த அம்மாவின் முன்னாலேயே அழித்தேன்.

புறப்படும்போது வழிக்கென்று ஒரு போத்தல் தண்ணீர் தந்தார். கணவர் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு துறைவரை வந்தார். அவருடைய உதடு வெடித்திருந்தது. போத்தலை அவரிடமே நீட்டினேன்.

"அண்ணை, நீங்கள் குடியுங்கோ. ஒருத்தரும் பார்க்கேல்லை."

"நல்ல கதை! அவ கேட்டால் நான் என்னெண்டு பொய் சொல்லுறது?" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினார்.

கிணற்றுச் சத்தத்தோடு படம் ஒளிபரப்பானது. அதைப் பார்த்து ஓர் அதிகாரி நேரிலேயே நெடுந்தீவுக்குப் போனாராம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பிறகுதான் மிச்சக் கதை வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வைத்து அவரை உபசரித்தார்களாம். படத்தில் காட்டியது போல அப்படியொன்றும் தட்டுப்பாடு இல்லை என்று சொல்லிக்கொண்டு அவர் திரும்பிவிட்டாராம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அண்ணை அன்றைக்கும் உவர்த் தண்ணீர்தான் குடித்திருப்பார்.