சதகுப்பைப் பொட்டலம்

செகந்திராபாத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அந்த அம்மாளுக்கு, எதைக் கட்டிக் கொடுத்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்க்கும் பழக்கம்.

"பீரியட்ஸுக்கு முந்தின வாரம் என் மனைவி எரிஞ்சு எரிஞ்சு விழறா. ஏதாவது மூலிகை குடுங்க" என்றேன்.

"அவங்களுக்கு எங்க வலிக்குது தம்பி?"

தெரியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

"ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார். "வர்ற ஆம்பளைங்க எல்லாம் கோபத்துக்குத்தான் மருந்து கேக்கறாங்க." சதகுப்பையைக் கசக்கி மோந்தார். "இது வயித்து வலிக்கு. முதல்ல வீட்ல கேளுங்க."

வீடு இருக்கும் கொண்டாப்பூர் வரும்வரை கேட்பதாகத்தான் இருந்தேன். வீட்டில் பொட்டலத்தை நீட்டி, "கஷாயம் வச்சுக் குடி" என்று மட்டும் சொன்னேன். குடிக்கிறாள்.

தீர்ந்தால் இப்போது ஆன்லைனில் வாங்கிவிடுகிறேன். கடைக்குப் போனால் அந்த அம்மாள் மறுபடி கேட்பார். எனக்கு இன்னும் தெரியாது.