‘இன்னாங்க’ என்றால் இரண்டு பேர் வருவோம்

இன்று காலையும் அடுப்படியிலிருந்து என் மனைவி “இன்னாங்க” என்று கூப்பிட்டாள். நான் உடனே எழுந்திருக்கவில்லை. காதில் விழாமல் இல்லை. அந்தக் குரல் கேட்டால் சற்றுப் பொறுத்து எழுந்திருப்பது என் பழக்கம். ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் ஊரிகம் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கும் ஷாஃப்டுக் குழியின் வாயில், கேஜ் கூண்டு ஏறி இறங்க மணி அடிக்கும் வேலையில் இருந்தேன். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. மின்சார விளக்கு அப்போதுதான் சுரங்கத்துக்கு வந்திருந்தது. நாங்கள் குடியிருந்த கூலி லைன் வீடுகளில் இருட்டுத்தான். மூங்கில் தட்டிதான் சுவர். கத்தி வைத்திருப்பவன் நினைத்தால் எந்தப் பக்கமும் வாசல். எனக்கு ராத்திரி ஷிப்டு வரும் வாரமெல்லாம் என் மனைவி சரியாகத் தூங்கமாட்டாள்.

அந்தச் சமயத்தில் சுரங்கத்தை மேற்பார்த்த கேப்டன் துரை சீமைக்குத் திரும்பினார். அவர் வீட்டு மாஸ்டிஃப் நாய் போட்ட குட்டிகளில் கடைசியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தாரோ என்னவோ. மூன்று மாதக் குட்டி. அப்போதே கால் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருந்தது. துரை வீட்டில் அதற்கு சாம் என்று பெயர்.

அங்கேதான் சிக்கல். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் சாமுவேல், லைனில் சாமு. என் மனைவி புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கோயிலில் அதே பெயருள்ள பைபிள் தீர்க்கதரிசியின் கதையைச் சொல்ல வேண்டி வந்தாலும் “அந்தப் புள்ள” என்றுதான் சொல்வாள். நாயின் பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். “வெச்ச பேர மாத்தற அளவுக்கு அது இன்னா தப்பு செஞ்சிது?” என்றாள். என்னைக் கூப்பிடுவது போலவே அதையும் “இன்னாங்க” என்று கூப்பிட்டாள். என் பெயரை நானே கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. சாம் என்ற பெயர் அதற்கு மறந்தே போயிற்று.

பழக்கியதெல்லாம் அவள்தான். கேழ்வரகுக் களியை எலும்பு வேகவைத்த நீரில் கரைத்துச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். “குந்துங்க” என்பாள். குந்தினால்தான் சட்டி கீழே வரும். மேலே தாவினால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். கடிக்கத் தேங்காய் மட்டை கொடுப்பாள். ஜனங்களைப் பார்த்துப் பழகட்டும் என்று தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப் போவாள். முக்கியமாக ஒன்றைப் பழக்கினாள்: அவள் “வாங்க” என்று சொல்லாமல் யாரும் வாசற்படி தாண்டக்கூடாது.

தட்டிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு எல்லாம் கேட்கும். “இன்னாக்கா, ஒரே வூட்ல ரெண்டு புருஷனா?” என்பாள்.

“ஒண்ணாவது சொன்ன பேச்சு கேக்குதே!” என்பாள் இவள்.

ஒரு வருஷத்தில் அது எழுந்து நின்றால் என் தோளில் கை போடும் உயரமாயிற்று. லைன் மேஸ்திரி என்னை நிறுத்தி, “டேய் சாமு, நாயா கன்னுக்குட்டியா இது? யார் மேலயாவது பல்லு பட்டுச்சினா அன்னிக்கே சுட்ருவாங்க, சொல்ட்டேன்” என்றார். வெறும் மிரட்டல் இல்லை. அப்படிச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் நாயின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் பிரசவத்துக்கு அவள் பேத்தமங்களாவில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். “அத பாத்துக்குங்க” என்பதுதான் வண்டியில் ஏறும்போது அவள் சொன்னது.

ஒரு நாள் மத்தியானம் நான் குழாயடியில் இருந்தேன். தட்டி எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க வந்த மேஸ்திரி, “வாங்க” என்று யாரும் சொல்லாமலே படி தாண்டினார். அலறல் கேட்டு ஓடி வந்தேன். அவர் மல்லாந்து கிடந்தார். அவர் மார்பில் நாயின் முன்னங்கால். முகத்துக்கு நேராக அதன் வாய். இன்னும் கடிக்கவில்லை. தொண்டைக்குள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

“டேய், கூப்டுடா அத!”

“சாம்! சாம்!” என்றேன். காது கூட அசையவில்லை. மேஸ்திரி கையை உதறினார், உறுமல் ஏறியது. லைன் முழுக்க வெளியே வந்து நின்றது. என்ன சொன்னால் வரும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவில் ஓர் ஆண்பிள்ளை சொல்லும் வார்த்தையா அது? ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேட்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவள் இழுக்கும் இழுப்பிலேயே கத்தினேன்:

“இன்னாங்க! இங்க வாங்க!”

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. மேஸ்திரியை விட்டு இறங்கி வந்து என் எதிரில் நின்றது. “குந்துங்க” என்றேன். குந்தியது.

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் லைனே சிரித்தது. மேஸ்திரி சட்டையைத் திறந்து பார்த்தார். கீறல் கூட இல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு, “கடிக்கல. கடிக்கலன்னே சொல்றேன்” என்றார். போகும்போது திரும்பி, “யோவ், உன் பொண்டாட்டி சீக்கிரம் வரட்டும். உனுக்கு அந்தக் கொரலு நல்லா இல்ல” என்றார்.

குழந்தையோடு வந்த அன்றே அவளுக்கு விஷயம் போய்விட்டது. “எங்க, எப்டி கூப்ட்டீங்க? ஒரு வாட்டி சொல்லுங்க” என்றாள். நான் சொல்லவில்லை. இன்று வரை கேட்கிறாள். இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அது நெடுநாள் எங்களோடு இருந்தது. பிள்ளைகள் அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினார்கள். அவள் கூப்பிட்டால் வாசற்படியில் படுத்திருக்கும் அதுதான் முதலில் எழுந்து போகும். எதற்குக் கூப்பிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் நான் எழுந்திருப்பேன்.

அது போன பிறகும் எனக்கு அந்தப் பொறுத்தல் போகவில்லை. இன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு வாசற்படியைப் பார்த்தாள்.

“உங்களத்தாங்க” என்றாள்.

எழுந்து போனேன்.